ஆர்மோனியப் பெட்டியிலிருந்து அரேஞ்சர் கீபோர்டு வரை: புதுச்சேரியும் விசைப்பலகை இசையும்

அரேஞ்சர் கீபோர்டு என்பது ஒருவகை மின்னணு இசைக்கருவி. வாசிப்பவர் இடக்கையால் ஒரு சுரக்கூட்டை (கார்டு) அழுத்தினால், அதற்குப் பொருந்தும் தாளம், பேஸ், கிதார், வயலின் கூட்டொலி ஆகிய பக்கவாத்தியங்கள் அனைத்தையும் அது தானே வாசித்துத் தரும். வலக்கை மெட்டை வாசிக்கும். இக்கருவியை ஒரு கணினியுடன் இணைத்து, ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து, திருத்தி, ஒரு முழுப் பாடலை ஒருவரே உருவாக்க முடியும். இன்று புதுச்சேரியிலும் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் பக்திப் பாடல்கள், பள்ளி ஆண்டுவிழாப் பாடல்கள், தேர்தல் பாடல்கள், குறும்படப் பின்னணி இசை எனப் பலவும் இவ்வாறே உருவாகின்றன.

இது முற்றிலும் புதிய காலத்தின் கதை என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. விசைப்பலகை என்ற பொருள் தமிழ் இசைக்குள் நுழைந்தபோதே ஒரு வழக்கும் உடன் நுழைந்தது. அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. அதன் முக்கியமான சாட்சிகள் சிலர் புதுச்சேரியில் வாழ்ந்தவர்கள்.

பிரான்சில் பிறந்த பெட்டி

ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றவர் அலெக்சாந்தர் தெபேன் என்ற பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1842, இடம் பாரிசு. துருத்தியிலிருந்து வரும் காற்று உலோக நாக்குகளை அதிரச் செய்ய, ஒவ்வொரு விசைக்கும் ஒரு சுரம் ஒலிக்கும். காலால் மிதித்து இயக்கப்பட்ட அந்தப் பெட்டியை ஐரோப்பிய சமயப் பணியாளர்கள் இந்தியாவுக்குக் கொண்டு வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கும்படி அதை மாற்றியமைத்தார். அதன்பின் அது ஐரோப்பியக் கருவியாகத் தோன்றவில்லை. பஜனை மடம், நாடகக் கொட்டகை, பாட்டு வாத்தியார் வீடு என எங்கும் பரவியது.

இப்பெட்டி தமிழில் ஒரு சொல்லையே விட்டுச் சென்றிருக்கிறது. பாடகரின் சுருதியைக் குறிக்க 'ஒரு கட்டை', 'இரண்டு கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்கிறோம். கட்டை என்பது ஆர்மோனியத்தின் விசைதான். மேற்கத்திய முறையில் 'சி' எனப்படும் விசையில் ஆதார சட்ஜத்தை வைத்தால் ஒரு கட்டை. 'டி'யில் வைத்தால் இரண்டு கட்டை. 'ஜி'யில் வைத்தால் ஐந்து கட்டை. அதற்கு அடுத்த கறுப்பு விசையில் வைத்தால் ஐந்தரைக் கட்டை. ஆர்மோனியத்தைக் கண்டால் ஆகாது என்று சொன்ன வித்துவான்கள்கூடத் தம் சுருதியை அந்தப் பெட்டியின் கணக்கில்தான் சொன்னார்கள்.

அந்த எதிர்ப்பாளர்களில் முக்கியமானவர் பாரதியார். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த அவர், 'சங்கீத விஷயம்' என்ற தம் கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கடுமையாகச் சாடினார். தம் பாடல்களுக்குத் தாமே இராகமும் தாளமும் குறித்தவர் அவர். ஆகவே அது இசையறியாதவரின் முணுமுணுப்பு அல்ல. ஆர்மோனியத்தில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்ல வழியில்லை. விசைக்கு ஓர் ஒலி, அவ்வளவுதான். நம் இசையின் உயிரோ சுரங்களுக்கு இடையிலான அசைவில், அதாவது கமகத்தில் இருக்கிறது. தோடி இராகத்தின் காந்தாரத்தை ஆர்மோனியத்தில் எந்த விசையில் தேடினாலும் கிடைக்காது. ஐரோப்பாவிலிருந்தே வந்த வயலின் ஒரு தலைமுறைக்குள் கச்சேரி மேடை ஏறிவிட, ஆர்மோனியம் கீழேயே நின்றதற்குக் காரணம் இதுவே. வயலின் தந்தியில் விரல் வழுக்கும்.

ஆனால் இதே புதுச்சேரியில் வேறொரு மரபும் உண்டு. தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார். அவருடைய சமாதி நகரை ஒட்டிய கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் இன்றும் அங்கு வந்து வணங்கிச் செல்கின்றனர். அவருடைய இசை நாடகங்களுக்கு ஆர்மோனியம் இன்றியமையாதது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், பல நூறு பேர் கூடிய கொட்டகையில், நடிகர் பாட்டைத் தாங்கிப் பிடிக்க உரத்த, சுருதி மாறாத ஒரு கருவி வேண்டியிருந்தது. தம்புராவாலும் வீணையாலும் அது இயலாது. ஆர்மோனியம் வாசித்தவரே பின்பாட்டும் பாடினார், நடிகர் தடுமாறினால் அடியெடுத்தும் கொடுத்தார். எஸ். ஜி. கிட்டப்பாவின் உச்சக் குரலுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் துணை நின்றதைப் பழைய நாடக ரசிகர்கள் தனியே சொல்வதுண்டு. ஜி. ராமநாதன் போன்ற திரையிசை அமைப்பாளர்கள் ஆர்மோனியக்காரர்களாகத் தொடங்கியவர்களே. மெட்டமைப்பதற்கு எம். எஸ். விஸ்வநாதனும் இளையராஜாவும் கையில் எடுத்ததும் ஆர்மோனியமே.

ஆகவே பாரதியார் சொன்னதும் சரி, நாடகக்காரர்கள் செய்ததும் சரி. ஒன்று இசையின் நுட்பம் பற்றியது. மற்றொன்று இசை எத்தனை பேரைச் சென்று சேர்கிறது என்பது பற்றியது.

1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. இரவீந்திரநாத் தாகூரும் அதன் எதிர்ப்பாளர்களில் ஒருவர். தடை 1971இல்தான் தளர்த்தப்பட்டது. அந்த முப்பது ஆண்டுகளில் வானொலியில் ஒலித்த திரைப்பாடல்களில் பெரும்பாலானவை ஆர்மோனியத்தில் மெட்டமைக்கப்பட்டவை என்பது ஒரு வேடிக்கை.

மின்சாரம் வந்தபின்

1947இல் கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர் கிளாவியோலின் என்ற சிறு மின்னணு விசைக்கருவியை உருவாக்கினார். 1954இல் வெளியான 'நாகின்' என்ற இந்திப் படத்தில் பாம்பாட்டியின் மகுடி ஒலியாக ஊரெங்கும் கேட்டது மகுடி அல்ல, கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின். இந்திய மக்கள் மின்னணு விசைக்கருவியை முதன்முதலாகப் பெருமளவில் கேட்டது அந்தப் படத்தில்தான் என்று சொல்லலாம். அதே 1954, நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு மாறியது. (சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியது.)

வணிகத்துக்கும் திரைப்படத்துக்கும் வெளியே, விசைப்பலகையையும் ஒலிப்பதிவையும் சேர்த்து இசை அமைக்கும் முயற்சி ஒன்று புதுச்சேரியிலேயே நடந்தது. அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை எனப்பட்ட மிரா அல்ஃபாசா, சிறப்பு நாட்களில் ஆர்கன் வாசிப்பது வழக்கம். முன்னரே எழுதி வைத்துக்கொள்ளாமல் அப்போதைக்கப்போது எழும் இசை அது. அவ்வாசிப்புகள் ஒலிநாடாவில் பதியப்பட்டன. வங்காளத்திலிருந்து வந்து ஆசிரமப் பள்ளியில் ஆசிரியராக இருந்த சுனில் பட்டாச்சார்யா, 1965 முதல் ஆண்டுதோறும் ஆசிரமத்தின் புத்தாண்டு இசையை அமைத்து வந்தார். மின்னணு ஆர்கன், பிற கருவிகள், சிறு குழுவின் குரல்கள் ஆகியவற்றை ஒலிநாடாவில் பதிந்து அவர் இசையைக் கட்டினார். 1998இல் அவர் மறையும்வரை இப்பணி தொடர்ந்தது. இந்துஸ்தானி என்றோ மேற்கத்தியம் என்றோ வகைப்படுத்த முடியாத இசை அது. பெரிய வாத்தியக் குழுவோ நகரத்து ஒலிப்பதிவுக் கூடமோ இல்லாமல், விசைப்பலகை முன் அமர்ந்த ஒருவர் தம் மனத்தில் கேட்டதைப் படிப்படியாகப் பதிந்து உருவாக்கலாம் என்பதற்குத் தமிழ் நிலப்பரப்பில் கிடைக்கும் முந்தைய சான்றுகளில் இது ஒன்று. திரையிசை வரலாறுகளில் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

திரையிசைப் பக்கம், 1986இல் வெளியான 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினிவழி இசையைப் பயன்படுத்தினார். அவருடைய குழுவில் கீபோர்டு வாசித்தவர்களில் ஒருவர், அப்போது திலீப் என்ற பெயருடன் இருந்த ஏ. ஆர். ரகுமான். அவருடைய தந்தை ஆர். கே. சேகர் மலையாளத் திரையிசையில் இசைநடத்துநராகப் பணியாற்றி இளம் வயதிலேயே இறந்தவர். அவர் விட்டுச் சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் சில காலம் நடந்தது. 1992 ஆகஸ்டில் 'ரோஜா' வந்தபோது, கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி ரகுமான் அமைத்திருந்த சிறிய கூடத்திலிருந்து வந்த அந்த ஒலி, இசையமைப்பு நடக்கும் இடம் எது என்ற கேள்வியையே மாற்றியது. அதுவரை இசையமைப்பாளர் தாளில் எழுதுவார், ஐம்பது அறுபது பேர் ஒன்றாக அமர்ந்து வாசிப்பார்கள், பாடகரும் உடன் பாடுவார். பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து பதிந்துவிட்டுப் போகும் முறை வந்தது. வயலின் கலைஞர் பலருக்கு வேலை குறைந்தது. இதைச் சொல்லாமல் தொழில்நுட்ப வளர்ச்சியை மட்டும் பாராட்டுவது பாதி வரலாறு.

கேசியோவும் மிடியும்

1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் கேசியோ நிறுவனம் சிறிய, மலிவான விசைப்பலகைகளைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் ஓடும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எந்த நிறுவனத்தின் கீபோர்டானாலும் 'கேசியோ' என்றே அழைக்கும் வழக்கம் அக்காலத்தில் வந்தது. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் புதுச்சேரியில் மிகுதி என்பதால், இறக்குமதி வரி மிகுந்திருந்த அந்த ஆண்டுகளில், விடுமுறைக்கு வந்தவர் பெட்டியிலிருந்து ஒரு கீபோர்டு வெளிவருவது இங்கு வியப்பான செய்தி அல்ல.

1983இல் நடந்தது அதைவிடப் பெரியது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் ரோலண்டு நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி ஆகியோரின் முயற்சியால், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொதுமொழி ஒன்று உருவானது. அதன் பெயர் மிடி. அவ்வாண்டு சனவரியில் இரு போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டு, ஒன்றை வாசிக்க மற்றதும் ஒலித்தது. இதற்காக இருவருக்கும் 2013இல் கிராமி தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

மிடியைப் பற்றி மாணவர்களிடம் பரவலாக உள்ள தவறான கருத்து, அது ஒருவகை ஒலிக்கோப்பு என்பது. மிடியில் ஒலியே இல்லை. எந்த விசை, எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற குறிப்புகள் மட்டுமே உள்ளன. பாடலுக்கும் அதன் சுரக்குறிப்புக்கும் உள்ள வேறுபாடே ஒலிக்கோப்புக்கும் மிடிக்கும் உள்ள வேறுபாடு. குறுந்தகட்டின் தரத்தில் ஒரு நிமிட ஒலிக்கு ஏறத்தாழ 10 மெகாபைட்டு இடம் வேண்டும். மூன்று நிமிடப் பாடலின் மிடிக் குறிப்போ பெரும்பாலும் சில பத்து கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். ஒரு கம்பியில் 16 தடங்கள் செல்லும். விசை அழுத்தத்தின் அளவு 0 முதல் 127 வரையிலான எண்ணாகப் பதிவாகும். குறிப்பு என்பதால், வீணையாகப் பதிந்ததைப் புல்லாங்குழலாக மாற்றலாம். ஒரு தவறான சுரத்தை மட்டும் எடுத்துத் திருத்தலாம். சுருதி கெடாமல் வேகத்தைக் கூட்டலாம்.

1985இல் மிடி இணைப்புடனேயே வந்த அடாரி எஸ்.டி. கணினி, 1989இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வெளியிட்ட கியூபேஸ் மென்பொருள் ஆகியவை இசையமைப்பாளர் மேசைக்குக் கணினியைக் கொண்டு வந்தன. 1996இல் அந்நிறுவனமே வி.எஸ்.டி. என்ற முறையை அறிமுகப்படுத்த, வாத்திய ஒலிகளும் எதிரொலி போன்ற விளைவுகளும் கணினிக்குள்ளேயே குடியேறின. பின்னர் வந்த ஆடாசிட்டி, எல்.எம்.எம்.எஸ். போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. பணமில்லாத மாணவருக்கு இது சிறிய செய்தி அன்று.

இதே காலத்தில் மெல்லிசைக் குழுக்களின் மேடையும் மாறியது. திருமணம், கோயில் திருவிழா, மாதா கோயில் தேர்பவனி என்று எங்கு மேடை போட்டாலும் முன்பு தபேலா, டோலக், பாங்கோஸ், டிரம்ஸ், பேஸ் கிதார் என ஆட்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். 1985இல் வந்த ரோலண்டின் ஆக்டோபேட், தாளக் கலைஞர் பலரின் வேலையை ஒருவர் கைக்கு மாற்றியது. அரேஞ்சர் கீபோர்டு வந்தபின் அந்த ஒருவரும் தேவைப்படாத மேடைகள் உருவாயின. ஒரு கீபோர்டுக்காரரும் இரண்டு பாடகர்களும் இருந்தால் கச்சேரி நடந்துவிடும். செலவு குறைந்ததால் சிறிய குடும்பமும் தன் வீட்டு விழாவில் இசை வைக்க முடிந்தது. டோலக் வாசித்தவர் வேறு பிழைப்புத் தேடிப் போனார். நாடகக் கொட்டகைக் காலத்து வழக்கு வேறு உருவில் திரும்பி வந்ததுதான் இது.

இராகம் தெரியாத இயந்திரம்

அரேஞ்சர் கீபோர்டு எவ்வாறு சிந்திக்கிறது என்பதை அறிந்தால்தான் அதனிடம் ஏமாறாமல் இருக்கலாம். அதனுள் 'ஸ்டைல்' எனப்படும் தாளக்கட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் தொடக்கம், முதன்மைப் பகுதிகள், இடைநிரப்பு, முடிவு ஆகியவை பெரும்பாலும் 'சி' சுரத்தை அடிப்படையாகக் கொண்டு பதியப்பட்டிருக்கும். இடக்கை வேறொரு கார்டை அழுத்தினால், கருவி அக்குறிப்புகளை அந்தக் கார்டுக்கு ஏற்ப நகர்த்தி வாசிக்கிறது. கருவிக்குத் தெரிந்தது கார்டு மட்டுமே. இராகம் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு. பேஸ் கருவி ச, க, ப, த என்று ஏறி இறங்கும் நடை பல ஸ்டைல்களில் உண்டு. 'சி' மேஜர் கார்டுக்கு அங்கு ஒலிப்பவை அந்தர காந்தாரமும் சதுச்ருதி தைவதமும். மோகன இராகத்தில் ஒரு மெட்டு அமைத்தால் இந்த நடை அழகாகப் பொருந்தும். நான்குமே மோகனத்தின் சுரங்கள். அதே ஸ்டைலை வைத்து மாயாமாளவகௌளையில் மெட்டு அமைத்துப் பாருங்கள். அந்த இராகத்துக்கு உரியது சுத்த தைவதம். பேஸ் வாசிப்பதோ சதுச்ருதி தைவதம். முதல் நாள் சரளி வரிசை பாடிய மாணவருக்கே காதில் இடறும். பல உள்ளூர்ப் பக்திப் பாடல்களில் எங்கோ ஏதோ பிசகுவதுபோல் தோன்றுவதற்கு இந்த ஒரு தைவதம் போதும்.

இங்குதான் பதிவு மென்பொருள் உண்மையான துணையாகிறது. ஸ்டைலின் ஒலியைப் பதியாமல், அதன் மிடிக் குறிப்புகளைத் தடம் தடமாக மென்பொருளில் பதிந்துகொண்டால், பேஸ் தடத்தைத் திறந்து அந்தத் தைவதங்களை மட்டும் அரைச்சுரம் கீழே இறக்கிவிடலாம். தாளமும் அவ்வாறே. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை, நான்கு எண்ணிக்கை கொண்ட மேற்கத்திய அளவு இரண்டில் அடங்கிவிடும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர சாபுக்கு ஆயத்த ஸ்டைல் அரிது. மென்பொருளில் அளவை ஏழாக வைத்து, 3, 2, 2 எனப் பிரித்துத் தாளத்தை வாசித்துப் பதிய வேண்டியதுதான்.

நடைமுறையில் தொடக்கநிலையினரைத் தடுமாற வைப்பவை இரண்டு. ஒன்று, கீபோர்டும் கணினியும் தனித்தனியே காலம் கணக்கிடுவது. இரண்டில் ஒன்றைத் தலைமையாக்கி மற்றதைப் பின்பற்றச் செய்யாவிட்டால் பதிந்தவை பாட்டின் நடுவில் விலகத் தொடங்கும். மற்றொன்று, ஒரு விசைக்கு இரண்டு ஒலி கேட்பது. விசை நேரடியாகவும் கருவியை ஒலிக்கச் செய்கிறது, கணினி வழியாகச் சுற்றி வந்தும் ஒலிக்கச் செய்கிறது. கருவியில் 'லோக்கல்' என்ற அமைப்பை நிறுத்திவிட்டால் இது தீரும். கருவி கெட்டுவிட்டதாக எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

நிறுவனங்களும் இந்தியக் காதுகளுக்குச் சற்று இறங்கி வந்திருக்கின்றன. யமஹா, தபேலா ஒலியுடனும் தம்புராவை ஒலிக்கவிட்டுச் சாதகம் செய்யும் வசதியுடனும் இந்தியாவுக்கென்றே மாதிரிகளை வெளியிட்டது. 2019 முதல் சென்னைக்கு அருகே உள்ள தன் ஆலையில் கீபோர்டுகளைத் தயாரிக்கவும் தொடங்கியது. 'டிரான்ஸ்போஸ்' பொத்தானை எட்டு அரைச்சுரம் ஏற்றினாலோ நான்கு இறக்கினாலோ 'சி' விசையிலேயே ஐந்தரைக் கட்டை கிடைக்கும். நாடக மேடை ஆர்மோனியக்காரர் பல ஆண்டு பழகிப் பெற்ற திறன் இது.

கமகம் மட்டும் எளிதில் வசப்படவில்லை. கீபோர்டின் இடப்பக்கம் 'பிட்ச் பெண்ட்' என்ற சக்கரம் உண்டு. அதைத் தள்ளினால் சுரம் வழுக்கும். மிடியில் அதன் நகர்வு 16,384 படிகளாகப் பதிவாவதால் நுட்பத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒன்றாக வளைக்கும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் முறை 2018இல் மிடியுடன் சேர்க்கப்பட்டது; 2020இல் மிடி 2.0 வந்தது. சாதாரண விலையில் கடைகளில் கிடைக்கும் அரேஞ்சர்களில் பெரும்பாலும் இருப்பது இன்னும் அந்த ஒற்றைச் சக்கரமே.

அதைவிடப் பெரிய இடையூறு மனிதக் கையில் இருக்கிறது. சக்கரத்தைத் தள்ள இடக்கை வேண்டும். கார்டு பிடிக்கவும் இடக்கைதான் வேண்டும். ஆகவே மேடையில் அரேஞ்சர் வாசிப்பவர் பக்கவாத்தியத்தை விடாமல் கமகம் வாசிப்பது அரிது. வீட்டில் மென்பொருளில் பதிபவருக்கு இந்த நெருக்கடி இல்லை. முதல் சுற்றில் இடக்கை கார்டு பிடிக்க, பக்கவாத்தியங்களை மட்டும் முழுப்பாடலுக்கும் பதிந்துகொள்கிறார். அதைத் திருத்தி முடித்து ஓடவிட்டு, இரண்டாம் சுற்றில் வலக்கையால் மெட்டையும் இடக்கையால் சக்கரத்தையும் இயக்கி, தோடியின் காந்தாரத்தைத் தேடுகிறார்.